மாத்திரை எழுதும் முன்: தோல் நோயாளிகளிடம் ஹெபடைடிஸ் வைரஸைத் தேட மூன்று வழிகள்

"உங்களுக்கு எப்போதாவது மஞ்சள் காமாலை வந்திருக்கிறதா?"

தோல் செதில் செதிலாக உதிரும் சொரியாசிஸ் நோய்க்கு, எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை எழுதுவதற்கு முன் தோல் மருத்துவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. நானும் பல ஆண்டுகள் இதைக் கேட்டு, "இல்லை டாக்டர்" என்ற பதிலைக் குறித்துக்கொண்டு, நிம்மதியாக மருந்துச் சீட்டு எழுதியிருக்கிறேன். இன்று அந்தக் கேள்வியை நான் நம்புவதில்லை. நம் ஊரில் காமாலை வந்ததை நினைவு வைத்திருப்பவர்களில் பலருக்கு வந்தது, கெட்ட தண்ணீரால் பரவி கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஏ அல்லது ஈ. அவை வந்து ஆளைப் படுத்திவிட்டுப் போய்விடும். பெரும்பாலும் உடலில் தங்குவதில்லை. தங்கிவிடுகிற ஹெபடைடிஸ் பி வைரஸோ, பிரசவத்தின்போது தாயிடமிருந்தும் கைக்குழந்தைப் பருவத்திலும் தொற்றியதாகவே பெரும்பாலும் இருக்கும். முதல் வயதுக்குள் தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நிலைத்துவிடுகிறது. வளர்ந்தவர்களுக்குத் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகவே நிலைக்கிறது. அப்படிக் குழந்தையாக இருந்தபோது தொற்று வாங்கியவருக்குக் கண் மஞ்சளாகியிருக்காது, காய்ச்சல் வந்திருக்காது, சொல்வதற்கு ஒரு கதையும் இருக்காது. ஆக, என் கேள்வி பிடிக்க வேண்டியவரை விட்டுவிட்டு வேறு யாரையோ பிடித்துக்கொண்டிருந்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் ஏறத்தாழ 2.98 கோடிப் பேர் ஹெபடைடிஸ் பி தொற்றோடும், 55 லட்சம் பேர் ஹெபடைடிஸ் சி தொற்றோடும் வாழ்ந்தார்கள். உலக அளவில் பி தொற்று உள்ளவர்களில் 13 சதவீதம் பேருக்குத்தான் அது கண்டறியப்பட்டிருந்தது. பி தடுப்பூசி நாடு முழுவதும் தேசியத் தடுப்பூசித் திட்டத்துக்குள் வந்தது 2011-இல்தான். எனவே இன்று தோல் சிகிச்சைப் பிரிவில் என் முன் உட்காரும் நடுத்தர வயதுக்காரர்களில் அநேகமாக ஒருவரும் பிறந்தவுடன் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவர் இல்லை.

களிம்பும் ஒளிச் சிகிச்சையும் மட்டுமே போதும் என்றால் மருந்துக்காக இந்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டியதில்லை. உடலுக்குள் போகும் மருந்தை எடுக்கும்போதுதான் சிக்கல். சொரியாசிஸ், உடலெல்லாம் கொப்புளம் கிளம்பும் பெம்பிகஸ், கடுமையான கரப்பான் போன்றவற்றில் உடலின் எதிர்ப்பாற்றலே தோலைத் தாக்குகிறது. அதைத் தணிக்கத்தான் மருந்து தருகிறோம். அதே எதிர்ப்பாற்றல்தான் கல்லீரலில் பி வைரஸையும் அடக்கி வைத்திருக்கிறது. நோய் ஆறிவிட்டது என்று நாம் சொல்கிறவர்களிடத்திலும் வைரஸின் மரபணு கல்லீரல் செல்லின் கருவுக்குள் சிறு வளையமாக இருந்துகொண்டே இருக்கும். நீறு பூத்த நெருப்பு என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கு அப்படியே பொருந்தும். எதிர்ப்பாற்றல் தளர்ந்தால் வைரஸ் சத்தமில்லாமல் பெருகும். பிறகு மருந்தை நிறுத்தி எதிர்ப்பாற்றல் திரும்பும்போது, அது வைரஸ் குடியேறிய செல்களையெல்லாம் ஒரே நேரத்தில் தாக்கும். கல்லீரல் செயலிழந்து போகும் அளவுக்கு இது முற்றுவதுண்டு.

மருந்து தொடங்குமுன் யாருக்கு, எந்தப் பரிசோதனை என்பதில் மருத்துவர்களிடையே மூன்று வழக்கங்களைப் பார்க்கிறேன். விசாரித்துப் பார்த்து, ஆபத்து இருப்பதாகத் தோன்றுகிறவர்களுக்கு மட்டும் எழுதுவது முதல் வழி. எல்லோருக்கும் எச்பிஎஸ்ஏஜி, ஆன்டி எச்சிவி என்ற இரண்டை மட்டும் எழுதுவது இரண்டாவது. இவற்றோடு ஆன்டி எச்பிசி டோட்டல், ஆன்டி எச்பிஎஸ் இரண்டையும் சேர்த்து எல்லோருக்கும் எழுதுவது மூன்றாவது. பெயர்கள் ஒரே மாதிரி இருந்தாலும் ஒவ்வொன்றும் சொல்லும் செய்தி வேறு. எச்பிஎஸ்ஏஜி இருந்தால் பி வைரஸ் இப்போது உடலில் இருக்கிறது. ஆன்டி எச்பிசி இருந்தால் வாழ்நாளில் எப்போதோ அந்த வைரஸ் உள்ளே வந்திருக்கிறது. தடுப்பூசியால் இது உண்டாகாது. ஆன்டி எச்பிஎஸ், தடுப்பூசியாலோ பழைய தொற்றாலோ கிடைத்த பாதுகாப்பைக் காட்டுகிறது. ஆன்டி எச்சிவி, ஹெபடைடிஸ் சி வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடுவது.

முதல் வழியை நான் விரைவாகவே ஒதுக்கிவிடுகிறேன். இரத்தம் ஏற்றிக்கொண்டீர்களா, பச்சை குத்தினீர்களா, டயாலிசிஸ் செய்தீர்களா என்று கேட்டுவிடலாம். மற்ற கேள்விகளை, மேசையைச் சுற்றி எட்டுப் பேர் நிற்கும் புறநோயாளர் பிரிவில் எப்படிக் கேட்பது? கேட்டாலும் எந்தப் பெண் மாமியார் முன்னால் பதில் சொல்வாள்? உண்மையாகவே சொன்னாலும் பயனில்லை. பிறப்பில் தொற்று வாங்கியவருக்குச் சொல்வதற்கு எதுவும் இருப்பதில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் ஆபத்தைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறையை நம்பியிருப்பதை விட்டுவிட்டு, 2020-இல் ஹெபடைடிஸ் சி-க்கும் 2023-இல் பி-க்கும் வயது வந்த ஒவ்வொருவருக்கும் ஒருமுறையாவது பரிசோதிக்கச் சொல்லிவிட்டது. இந்த வழியிலிருந்து ஒரு கேள்வியை மட்டும் நான் காப்பாற்றி வைத்திருக்கிறேன்: "அம்மாவுக்கோ, கூடப் பிறந்தவர்களுக்கோ கல்லீரல் நோய், வயிற்றில் நீர் கட்டியது, கல்லீரலில் கட்டி என்று ஏதாவது உண்டா?" பரிசோதனைக்குப் பதிலாக இதைக் கேட்பதில்லை. ஒருவருக்குத் தொற்று தெரியவந்தால் அடுத்து யாரையெல்லாம் அழைத்துப் பார்க்க வேண்டும் என்பது இதில் தெரிந்துவிடும்.

இரண்டாவது வழிதான் இன்று பரவலாக நடப்பது. அதற்கு நியாயமும் இருக்கிறது. எச்பிஎஸ்ஏஜி உள்ளவர்களுக்குத்தான் வைரஸ் தலைதூக்கும் வாய்ப்பு மிக அதிகம். அவர்களை இது பிடித்துவிடும். 2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் இந்தப் பரிசோதனைகளும் அடுத்த கட்டச் சிகிச்சையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் மட்டும் எடுக்கப்போகும் ஒருவருக்கு இந்த இரண்டு பரிசோதனைகளே ஏறக்குறைய போதுமானவை என்று சொன்னால் நான் சண்டை போட மாட்டேன். அந்த மருந்தால் வைரஸ் தலைதூக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு என்றுதான் வழிகாட்டுதல்கள் வகைப்படுத்துகின்றன. அங்கே நாம் அதிகம் அஞ்ச வேண்டியது, ஏற்கெனவே வைரஸால் புண்பட்ட கல்லீரலின் மேல் மெத்தோட்ரெக்சேட்டின் சுமையும், சில நேரம் சாராயத்தின் சுமையும் சேர்வதைப் பற்றித்தான்.

ஆனால் இந்த வழியில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

மேற்படிப்பு முடித்த புதிதில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்தேன். வாயெல்லாம் புண்ணும் முதுகெல்லாம் கொப்புளமுமாக ஓர் அம்மா வந்தார். பெம்பிகஸ் வல்காரிஸ். வாழையிலையில் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டோம். ஸ்டீராய்டுக்கு நோய் அடங்கவில்லை. எதிர்ப்பாற்றலைப் பலமாகத் தணிக்கும் ரிடுக்சிமாப் என்ற ஊசி மருந்தைத் தருவதென்று முடிவாயிற்று. எச்பிஎஸ்ஏஜி இல்லை என்று அறிக்கை வந்தது. அதில் நான்தான் கையெழுத்திட்டேன். இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை மருந்து ஏற்றினோம். கொப்புளங்கள் வடிந்து, மூன்றே மாதத்தில் அவர் காரசாரமாகச் சாப்பிட ஆரம்பித்தார். வார்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஏழாவது மாதம் சிறுநீர் மஞ்சளாகப் போகிறது என்று வீட்டில் கீழாநெல்லி அரைத்து மோரில் கலந்து கொடுத்திருக்கிறார்கள். பத்து நாள் கழித்து, நடக்க முடியாமல் தூக்கி வந்தார்கள். இப்போது எச்பிஎஸ்ஏஜி இருந்தது. முதல் ஊசிக்கு முன் எடுத்து ஆய்வகத்தில் சேமித்து வைத்திருந்த இரத்தத்தைத் தேடிப் பிடித்துப் பரிசோதித்தோம். ஆன்டி எச்பிசி இருந்தது. அன்றைக்கே ஒரு பரிசோதனையைக் கூடுதலாக எழுதியிருந்தால், ஊசிக்கு முன்பே தினம் ஒரு தடுப்பு மாத்திரையைத் தொடங்கியிருப்போம். ஒன்றரை மாதம் படுக்கையில் கிடந்து, வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரையால் அவர் பிழைத்து எழுந்தார். எல்லோரும் அப்படிப் பிழைப்பதில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2013-இல், ரிடுக்சிமாப்பின் தகவல் தாளில் கட்டம் கட்டி அச்சிடும் பெட்டி எச்சரிக்கையில் இந்த ஆபத்தை ஏற்றி, எச்பிஎஸ்ஏஜியோடு ஆன்டி எச்பிசியையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்று எழுதியது. அந்த வரிகளை என்னால் மற்ற மருந்துத் தகவலைப் போல வாசிக்க முடியவில்லை.

எந்த வழி சரி என்பது எந்த மருந்து என்பதைப் பொறுத்து மாறுகிறது. ரிடுக்சிமாப் ஒரு முனையில் இருக்கிறது: எச்பிஎஸ்ஏஜி இல்லாமல் ஆன்டி எச்பிசி மட்டும் உள்ளவர்களிடமும் வைரஸை எழுப்பக்கூடியது. மெத்தோட்ரெக்சேட், அசதயோப்ரின் மறுமுனையில். நடுவில் இருப்பவை, எதிர்ப்பாற்றலின் ஒரு குறிப்பிட்ட கண்ணியைத் தடுக்கும் அடலிமுமாப், இன்ஃப்ளிக்சிமாப் போன்ற பயாலஜிக் ஊசிகளும் டோஃபாசிடினிப் வகை மாத்திரைகளும். செகுகினுமாப் போன்ற புதிய ஊசிகளுக்கு ஆபத்து குறைவு என்று பொதுவாகச் சொல்கிறார்கள். ஆனால் எச்பிஎஸ்ஏஜி உள்ளவர்கள் தடுப்பு மாத்திரை இல்லாமல் எடுத்தபோது அவற்றிலும் வைரஸ் எழுந்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. சொரியாசிஸ் மாத்திரைகளில் அப்ரெமிலாஸ்ட் இந்தக் கவலைக்குள் பெரிதாக வருவதில்லை. அசிட்ரெடின் எதிர்ப்பாற்றலைத் தணிப்பதில்லை. அதற்குக் கல்லீரல் நொதிகளைப் பார்ப்பது வேறு காரணத்துக்காக.

இந்த வரிசையில் நாம் எளிதாக மறந்துவிடுவது ஸ்டீராய்டை. தினமும் 20 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் நான்கு வாரத்துக்கு மேல் போனால், எச்பிஎஸ்ஏஜி உள்ளவருக்கு அது அதிக ஆபத்துள்ள மருந்துகளின் வரிசையில் சேர்ந்துவிடுகிறது. பெம்பிகஸுக்கு அந்த அளவு சாதாரணம். அரிப்புக்கு என்று மருந்துக்கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கிய சிறு வெள்ளை மாத்திரை எது என்று கேட்டால், பாதிப் பேர் பையிலிருந்து எடுத்துக் காட்டுவது ஸ்டீராய்டாகத்தான் இருக்கிறது. பரிசோதனையே இல்லாமல் ஆபத்துக்குள் நுழைந்துவிட்ட இவர்களுக்கு, "இனிமேல் தரப்போகும் மருந்து எது" என்று மட்டும் பார்த்து முடிவெடுப்பது போதாது.

மூன்றாவது வழியின் பக்கம் நான் சாய்வதற்கு இன்னொரு காரணம், நோயாளி ஒரே மருந்தில் நிற்பதில்லை என்பது. இன்று மெத்தோட்ரெக்சேட், இரண்டு ஆண்டில் மூட்டு வலி கூடினால் அடலிமுமாப், வேலைக்காக ஊர் மாறினால் வேறொரு மருத்துவர். "மருந்தைக் கூட்டும்போது ஆன்டி எச்பிசி பார்த்துக்கொள்ளலாம்" என்று நான் நினைத்தது என் மனதில்தான் இருக்கும். அவருடைய மஞ்சள் பையில் இருக்காது. பையில் இருப்பது "எச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ்" என்ற ஒற்றை வரி. அடுத்த மருத்துவர் அதைப் பார்த்து, ஹெபடைடிஸ் பரிசோதனை முடிந்தது என்றே எடுத்துக்கொள்வார். தொடக்கத்திலேயே ஒரே ஊசிக் குத்தில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் இந்தக் குழப்பமில்லை. பி வைரஸுக்கான மூன்றும் இல்லை என்று வந்தால், எதிர்ப்பாற்றல் தளர்வதற்கு முன்பே தடுப்பூசியைத் தொடங்கவும் வாய்ப்பு கிடைக்கிறது. மருந்து தொடங்கிய பிறகு போட்டால் அது அவ்வளவு நன்றாக வேலை செய்வதில்லை.

இந்த வழிக்கு விலை இல்லாமல் இல்லை. பணத்தைச் சொல்லவில்லை, ஒரு பயாலஜிக் ஊசியின் விலைக்கு முன் இந்தப் பரிசோதனைச் செலவு ஒன்றுமேயில்லை. ஆனால் அரசு மருத்துவமனைக்கு வரும் கூலித் தொழிலாளிக்கு, வெளியே எழுதிக் கொடுக்கும் ஒவ்வொரு பரிசோதனையும் ஒரு நாள் சோறு என்பதை மறக்க முடியாது. அதைவிடப் பெரிய விலை பயம். எச்பிஎஸ்ஏஜியைவிட ஆன்டி எச்பிசி பலருக்கு இருக்கும். அவர்களில் மிகப் பெரும்பாலோர் நலமானவர்கள், யாருக்கும் தொற்ற வைக்காதவர்கள். அவர்கள் கையில் "ரியாக்டிவ்", அதாவது எதிர்ப்பொருள் உண்டு, என்று தடித்த எழுத்தில் ஒரு தாள் போகிறது. ஒரு லாரி ஓட்டுநர் அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, மூன்று நாள் வீட்டில் யாரோடும் ஒரே தட்டில் சாப்பிடாமல் இருந்துவிட்டு என்னிடம் வந்தார். எய்ட்ஸ் என்று நினைத்துக்கொண்டாராம். வளைகுடா வேலைக்கான மருத்துவத் தேர்வில் எச்பிஎஸ்ஏஜி இருந்தால் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அது தெரிந்த இளைஞர்கள் எந்த ஹெபடைடிஸ் தாளைப் பார்த்தாலும் நடுங்குகிறார்கள். ஆன்டி எச்பிசி மட்டும் இருப்பது வேறு, வைரஸ் இருப்பது வேறு என்று உட்கார்ந்து விளக்கப் பத்து நிமிடம் வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தைத் தர முடியாத மருத்துவர் இந்தப் பரிசோதனையை எழுதுவதற்கு முன் ஒருமுறை யோசிக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

எல்லாவற்றையும் எடைபோட்டு நான் நிற்கும் இடம் இது: எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் எந்த மாத்திரையோ ஊசியோ நீண்ட காலத்துக்குத் தொடங்கும் முன், மூன்றாவது வழி. பணமோ ஆய்வக வசதியோ இல்லாத இடத்தில், மெத்தோட்ரெக்சேட்டோடு நிற்கும் நோயாளிக்கு இரண்டாவது வழி போதும். ரிடுக்சிமாப்புக்கு முன் இந்தச் சலுகை கிடையாது. எங்கே கடன் வாங்கியாவது ஆன்டி எச்பிசி பார்த்துவிட்டுத்தான் மருந்து.

ஹெபடைடிஸ் சி விஷயத்தில் இவ்வளவு தடுமாற்றம் இல்லை. ஆன்டி எச்சிவி இருந்தால் அது பழைய தழும்பாகவும் இருக்கலாம்; வைரஸ் இருக்கிறதா என்று ஆர்என்ஏ பரிசோதனை சொல்லும். இருந்தால் சோஃபோஸ்புவிர், டக்ளாடாஸ்விர் என்ற மாத்திரைகள், பெரும்பாலும் 12 வாரம். நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் முற்றாகக் குணமாகிறார்கள். முன்பு இதற்குத் தந்த இன்டர்ஃபெரான் ஊசி சொரியாசிஸைக் கிளறிவிடும். கல்லீரலா, தோலா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன காலம் அது. இப்போது அந்தக் கொடுமை இல்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: சி வைரஸைத் துரத்தும்போது, அடங்கிக் கிடந்த பி வைரஸ் எழுந்துகொள்வதுண்டு. ஆகவே சி சிகிச்சைக்கு முன்னும் பி பார்த்தாக வேண்டும். வாயில் வெள்ளைக் கோடுகளோடு வரும் லைக்கன் பிளானஸ் நோயாளிகளுக்கு, மருந்து எதுவானாலும் நான் ஆன்டி எச்சிவி ஒருமுறை எழுதிவிடுகிறேன். இத்தாலியிலும் ஜப்பானிலும் இந்த இரண்டு நோய்களும் சேர்ந்து வருவது தெளிவாகத் தெரிந்திருக்கிறது. பிரிட்டனில் அப்படித் தெரியவில்லை. இந்த வேறுபாட்டைப் பற்றி எவ்வளவோ பேசலாம். சோதித்துப் பார்க்க ஆகும் செலவு அந்தப் பேச்சைவிடக் குறைவு.

பி இருப்பது தெரிந்த பிறகு, தடுப்பு மாத்திரையா, கண்காணிப்பா என்பது அடுத்த தேர்வு. எச்பிஎஸ்ஏஜி இருந்தால் கல்லீரல் மருத்துவர் பார்க்காமல் நான் மருந்தைத் தொடங்குவதில்லை. வைரஸ் அளவு, கல்லீரல் நொதிகள், ஸ்கேன் மூன்றையும் பார்த்து, பயாலஜிக்குக்கு முன்பே என்டகாவிர் அல்லது டெனோஃபோவிர் தொடங்குவார்கள். தோல் மருந்தை நிறுத்திய பிறகும் குறைந்தது ஆறு மாதம், ரிடுக்சிமாப் என்றால் குறைந்தது பன்னிரண்டு மாதம் அதைத் தொடர வேண்டும். தோல் குணமாகிவிட்டது என்று நோயாளி அதையும் சேர்த்து நிறுத்திவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் விபத்து. எச்பிஎஸ்ஏஜி இல்லாமல் ஆன்டி எச்பிசி மட்டும் இருந்தால், ரிடுக்சிமாப்புக்குத் தடுப்பு மாத்திரை உறுதி. மற்ற பயாலஜிக்குகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நொதிகளையும் வைரஸையும் பார்த்துக்கொண்டே போகலாம். ஆனால் கண்காணிப்பு என்பது, திரும்பி வருவார் என்று நம்பக்கூடியவருக்கு மட்டும். ஆறு மாதம் லாரியில் வடக்கே போய்விடுகிறவருக்குக் கண்காணிப்பை எழுதுவதைவிடத் தினம் ஒரு மாத்திரையை எழுதுவது மேல்.

கீழாநெல்லியைப் பற்றி நோயாளிகள் கேட்காத நாளில்லை. அவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வருவதில்லை, சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், பி வைரஸின் ஆன்டிஜெனைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பாரூக் புளூம்பெர்க்கோடு சேர்ந்து 1988-இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில், கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்கு எச்பிஎஸ்ஏஜி மறைந்ததாகக் கண்டார்கள். போலி மருந்து எடுத்த மற்ற குழுவில் 23 பேரில் ஒருவருக்கு மட்டும். பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. வைரஸ் எழுந்து கொண்டிருக்கும்போது அதை நம்பிக் கழிக்கும் பத்து நாள்களை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாகச் சீட்டு எழுதும் விவரம். ஆன்டி எச்பிசி என்று மட்டும் எழுதினால் சில ஆய்வகங்களில் ஐஜிஎம் வகையைச் செய்து அனுப்பிவிடுகிறார்கள். அது அண்மைத் தொற்றைத்தான் காட்டும், நாம் தேடும் பழைய சுவட்டைக் காட்டாது. "டோட்டல்" என்ற சொல்லைச் சீட்டில் எழுதி அடிக்கோடிட வேண்டும். பெம்பிகஸ் நோயாளிக்கு இம்யூனோகுளோபுலின் ஏற்றுவதாக இருந்தால் அதற்கு முன்பே இரத்தம் எடுத்துவிட வேண்டும். ஏற்றிய பிறகு எடுத்தால், யாரோ கொடுத்த இரத்தத்தின் எதிர்ப்பொருள் இவருடையதைப் போலத் தெரியும். பி தடுப்பூசி போட்ட மூன்று வாரத்துக்குள் எச்பிஎஸ்ஏஜி பார்த்தாலும் இதே போல ஏமாறலாம்.

அந்த லாரி ஓட்டுநருக்கு எச்பிஎஸ்ஏஜி இல்லை, வைரஸ் டிஎன்ஏவும் இல்லை. மெத்தோட்ரெக்சேட் தொடங்கி எட்டு மாதமாகிறது. முழங்கைச் செதில்கள் உதிர்ந்துவிட்டன. அவருடைய நோட்டின் அட்டையில், உள்ளே அல்ல, வெளிப்பக்கத்தில், அவர் பெயருக்குக் கீழே சிவப்பு மையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: "ஆன்டி எச்பிசி டோட்டல் உண்டு. ஊசி மருந்துக்கு மாற்றும் முன் கல்லீரல் மருத்துவரைக் கேட்கவும்."